போனவர்களின் புடவையும் ருசியும்

இறந்தவர் மேலுள்ள பற்றை விட்டால்தான் துக்கம் ஆறும் என்ற எண்ணம் மேலை உளவியலில் நெடுங்காலம் கோலோச்சியது. 1917இல் வெளிவந்த 'துக்கமும் மனச்சோர்வும்' கட்டுரையில் சிக்மண்ட் ஃப்ராய்ட் அப்படித்தான் எழுதினார். 1972இல் வமிக் வோல்கன், இறந்தவரின் உடைமைகளில் சிலவற்றுக்கு 'இணைப்புப் பொருள்' என்று பெயரிட்டார். அவற்றை ஆறாத துக்கத்தின் அறிகுறியாகவே கண்டார். அந்தக் கணக்கில், அப்பாவின் கைக்கடிகாரத்தைக் கழற்ற மனமில்லாத மகன் நோயாளி!

டென்னிஸ் கிளாஸ், ஃபிலிஸ் சில்வர்மன், ஸ்டீவன் நிக்மன் தொகுத்த 'தொடரும் பந்தங்கள்' (1996) இந்தப் போக்கைத் திருப்பியது. உறவு சாவோடு முடிவதில்லை, வேறு வடிவத்தில் தொடர்கிறது என்றது அந்நூல். அதில் ஜப்பானிய முன்னோர் வழிபாட்டைப் பற்றி கிளாஸ் ஓர் அத்தியாயமே எழுதினார். பிறகு மார்கரெட் கிப்சன் 2008இல், ஆஸ்திரேலியக் குடும்பங்களில் இறந்தவரின் துணிமணிகளும் அன்றாடப் பொருள்களும் என்னவாகின்றன என்று ஒரு நூலே எழுதினார்.

பொருளை வைத்திருப்பது எல்லோருக்கும் ஆறுதல் தருமா? நைஜல் ஃபீல்டும் அவர் குழுவினரும் 1999இல், துணையை இழந்த நடுவயதினரை ஆராய்ந்தார்கள். இனிய நினைவுகளின் வழியே உறவைப் பேணியவர்களுக்கு வேதனை குறைவாக இருந்தது. உடைமைகளில் ஆறுதல் தேடியவர்களுக்கோ வேதனை அவ்வளவாகத் தணியவில்லை. இதைப் படித்துவிட்டு அம்மாவின் புடவைகளை அவசரமாக யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம். வேதனை அதிகமாக இருப்பவர்தான் புடவையை அதிகம் தேடுவார் என்பதும் உண்மைதானே? எது காரணம், எது விளைவு என்று அந்த ஆய்வை வைத்து முடிவுகட்ட முடியாது.

இந்தத் துறையில் எனக்குள்ள பெரிய குறை வேறு. பொருளைப் பற்றி எழுதிய அளவுக்கு ருசியைப் பற்றி எழுதவில்லை. கிரேக்கத் தீவான கலிம்னோஸில் உணவும் நினைவும் பின்னிக்கிடப்பதை டேவிட் சட்டன் 2001இல் அருமையாக எழுதினார். அவருக்குப் பின் இந்தத் தடத்தில் இன்னும் பலர் நடந்திருக்க வேண்டும்.

நம் வீடுகளில் பொருளும் ருசியும் ஒரே பூசையில் சேருகின்றன. வட தமிழகத்தில் சுமங்கலியாக இறந்த பெண்ணைப் பூவாடைக்காரியாகக் கும்பிடும் குடும்பங்கள் பல. அவளுக்குப் புதுப் புடவை வைத்துப் படைப்பார்கள். படைத்த புடவையை வீட்டுப் பெண் உடுத்துவதும் உண்டு. தென்னார்க்காட்டுச் சடங்குகளை ஆராய்ந்த இசபெல் நபொகோவ், 2000இல் வெளியான தம் நூலில் இவ்வழிபாட்டையும் பேசுகிறார். தாத்தாவுக்குப் பிடிக்கும் என்று படையலில் கருவாட்டுக் குழம்பும் சுருட்டும் வைக்கிறோம். கும்பிட்டு முடித்ததும் அந்தக் குழம்பை வீடே சாப்பிடுகிறது. தாத்தாவைப் பார்த்தேயிராத பேரனுக்கும் அவர் நாக்கு எதற்கு ஏங்கியது என்று தெரிந்துவிடுகிறது. புகைப்படத்தால் இதைச் செய்ய முடியாது.

நம் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர்கள் இவற்றை வழிபாடு என்ற தலைப்பில் நிறையப் பதிந்திருக்கிறார்கள். துக்கம் ஆற்றும் வழி என்ற கோணத்திலும் இவற்றைக் கேட்டு எழுத வேண்டும், இன்னாருக்கு இன்னது பிடிக்கும் என்று நினைவு வைத்துப் படைக்கும் தலைமுறை இருக்கும்போதே.