பட்டாளத்துப் பாதிரி

பட்டாளத்துப் பாதிரியை இலக்கியம் பெரும்பாலும் கோமாளியாகவே நமக்குக் காட்டியிருக்கிறது. யாரோஸ்லாவ் ஹாஷெக்கின் 'நல்ல சிப்பாய் ஷ்வெய்க்'கில் வரும் ஓட்டோ காட்ஸ் பெருங்குடிகாரன். சீட்டாட்டத்தில் தன் ஏவலாளையே பணயம் வைத்துத் தோற்கிறான். ஜோசஃப் ஹெல்லரின் 'கேட்ச்-22'வில் (1961) ஒரு கர்னல், குண்டுகள் சிதறாமல் நெருக்கமாக விழப் பிரார்த்தனை செய்ய முடியுமா என்று பாதிரியைக் கேட்கிறான். பத்திரிகையில் தன் பெயர் வரவேண்டும் என்பது அவன் ஆசை. சாதாரணச் சிப்பாய்களும் அதே கடவுளைத்தான் கும்பிடுகிறார்கள் என்று தெரிந்ததும் யோசனையைக் கைவிட்டுவிடுகிறான். பி.ஏ. படித்த நாட்களில் இந்த இடத்துக்கு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன்.

அந்தச் சிரிப்பின் மேல் இப்போது எனக்குச் சந்தேகம். இந்த அங்கதம், பாதிரி தன் மதத்துக்கு லாயக்கற்றவன் என்று சொல்லித்தான் வேலை செய்கிறது. ஒருவன் குடிகாரன், இன்னொருவன் பயந்தாங்கொள்ளி. ஆள் மோசம் என்றாகிவிட்டால் ஸ்தாபனம் தப்பித்துக்கொள்கிறது. ஆள் மோசமில்லை என்றால்?

ஹெல்லரின் கதையில் நடக்காமல் போன பிரார்த்தனை டினியன் தீவில் நடந்தது. 1945 ஆகஸ்ட் 6 விடியுமுன், ஹிரோஷிமாவுக்குக் கிளம்பியவர்களுக்காக லூத்தரன் பாதிரி வில்லியம் டவ்னி ஜெபம் வாசித்தார். அதே தீவில் கத்தோலிக்க விமானிகளுக்குக் குருவாக இருந்தவர் ஜார்ஜ் ஸபெல்கா. மூன்று நாட்கள் கழித்துக் கிளம்பிய விமானத்தின் முதல் இலக்கு கோகுரா. அங்கே வானம் தெளியாததால் நாகசாகிக்குத் திரும்பியது. விமானத்தை ஓட்டிய சார்லஸ் ஸ்வீனி கத்தோலிக்கர். குண்டு வெடித்தது உரகாமி மாதாகோவிலிலிருந்து சுமார் 500 மீட்டரில். பாவசங்கீர்த்தனத்துக்கு வந்திருந்தவர்களும் கேட்டுக்கொண்டிருந்த குருமார்களும் அங்கேயே மாண்டார்கள். உரகாமியின் ஏறத்தாழ 12,000 கத்தோலிக்கர்களில் சுமார் 8,500 பேர் இறந்தார்கள். இருநூற்றைம்பது வருஷங்கள் குருமார் இல்லாமல் மறைவாக விசுவாசத்தைக் காத்தவர்களின் சந்ததி அது.

ஸபெல்கா குடிகாரர் அல்ல, விசுவாசமற்றவரும் அல்ல. ஒரு சிப்பாய் வந்து, குழந்தையின் தலையில் சுடலாமா என்று கேட்டிருந்தால், கூடாது, அது மகாபாவம் என்று சொல்லியிருப்பார். 1980இல் ஒரு நேர்காணலில் அவரே இதைச் சொன்னார். நகரங்கள் எரிவது அவருக்குத் தெரியும். ஆனால் பொதுமக்களைக் கொல்வதற்கு எதிராக ஒரு பிரசங்கமும் அவர் செய்யவில்லை. யாரும் அவரைத் தடுத்ததாகத் தெரியவில்லை. கேள்வி அந்த வடிவத்தில் அவர் முன் வரவில்லை, அவ்வளவுதான். 1992இல் சாகும்வரை இதைப் பகிரங்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வங்கியில் பதிவு போட்டு உட்கார்ந்திருக்கும் எனக்கு இது புரியாத விஷயமல்ல. தொகையைப் பதிபவன் நான், அங்கீகரிப்பவர் வேறு, அந்தப் பணம் எங்கே போய் என்ன செய்கிறது என்பது இரண்டு மேஜைக்கும் வராது.

சர்வதேசச் சட்டம் பாதிரியை வேறு மாதிரி பார்க்கிறது. 1864இன் ஜெனீவா உடன்படிக்கையே அவரை மருத்துவ ஊழியர்களோடு நடுநிலையாளராகச் சேர்த்துவிட்டது. 1949இன் உடன்படிக்கைப்படி எதிரியிடம் பிடிபட்டாலும் அவர் போர்க்கைதி அல்ல. சாகிறவன் பக்கத்தில் மண்டியிடும் ஒருவரை மனதில் வைத்து எழுதிய சட்டம். அதைக் குறைசொல்ல நான் யார்? ஆனால் டினியனில் ஸபெல்காவின் முன் இருந்தவர்கள் கிளம்புகிறவர்கள். கிளம்புகிறவனுக்குச் சொல்லும் வார்த்தையில் நடுநிலை எங்கே இருக்கிறது?

இதைச் சரியாகத் தொட்டவர் பிரெக்ட் என்று எனக்குப் படுகிறது. 1941இல் மேடையேறிய 'மதர் கரேஜ்' நாடகத்தில் வரும் பாதிரியும் கோழைதான். அங்கியை மறைத்துக்கொள்கிறான், விறகு பிளக்கிறான். ஆனால் எதிரிகளை ஆட்டுமந்தையாகப் பார்க்கும்படி ஒரு படைப்பிரிவையே தன் பேச்சால் மாற்ற முடியும் என்று பெருமை பேசுகிறான். அந்தப் பிரசங்கத்தை பிரெக்ட் நமக்குக் கேட்கக் கொடுப்பதில்லை. கோடரிச் சத்தம் மட்டும் கேட்கிறது.

பாதிரியின் உத்தியோகம் இப்போது விரிந்துவிட்டது. 2009இல் வந்த அமெரிக்க முப்படைகளின் மத விவகாரக் கையேட்டின்படி, போர் நடக்கும் தேசத்து மதம் பற்றித் தளபதிக்கு ஆலோசனை சொல்வதும் உள்ளூர் மதத் தலைவர்களைச் சந்திப்பதும் அவருடைய வேலை. ஆனால் உளவுக்கு அவரைப் பயன்படுத்தக் கூடாது. எழுதிவைக்க வேண்டியிருந்திருக்கிறது, பாருங்கள். மசூதிக்குள் பூட்ஸோடு நுழையாதீர்கள் என்று ஒரு பாதிரி சொல்லி, அதனால் நாலு உயிர் மிஞ்சியிருந்தால் நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் அவரிடம் கேட்கப்படுவது எப்படி நுழைவது என்பதுதான்.

சென்ற வாரம் ஹெல்லரை மறுபடி எடுத்து அந்தப் பிரார்த்தனைக் காட்சியைப் படித்தேன். சிரிப்பு வந்தது. வந்ததுதான் தொந்தரவாக இருக்கிறது.