கதவை உடைத்தவன் பேர் என்ன?

செஞ்சிக்கோட்டை 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியபோது ஊரெல்லாம் இரண்டு பேர்களைத்தான் பேசினார்கள்: சிவாஜி, தேசிங்கு. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி எல்லாருக்கும் தெரியும். நாலாவதாக ஒரு சின்னக் குன்றும் உண்டு. அதன் பேர் சக்கிலிதுர்க்கம். டிக்கெட் வாங்கி வருகிறவர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் இந்தக் கோட்டையைப் பிடித்தார். கதவைப் பெயர்த்தது பெட்டார்ட் என்கிற வெடிக்குடுவை. மணி மாதிரி வார்த்த உலோகக் குடுவையில் மருந்தை அடைத்து, கதவோடு பொருத்தி, திரி கொளுத்த வேண்டும். எதிரி சுட்டுக்கொண்டிருக்கும்போது அதைத் தூக்கிக்கொண்டு கதவடி வரைக்கும் யாராவது போயாக வேண்டும். வரலாற்றில் புஸ்ஸி உடைத்தார் என்றிருக்கிறது. அவர் கையாலா? தேசிங்கு கதையில் குதிரைக்குக்கூடப் பேர் இருக்கு. சரி, அது ராஜா கதை. சம்பளப் பட்டியல் வைத்திருந்த கம்பெனிக்காரன் எழுத்திலாவது நம்ம ஆள் தென்படுகிறானா?

மதராஸ் பயனியர் படை 1780இல் இரண்டு கம்பெனிகளாகத் தொடங்கியது. பின்னால் அதுதான் மதராஸ் சாப்பர்ஸ். சுரங்கம் வெட்டுவது, பாலம் கட்டுவது, தகர்ப்பது இவர்கள் வேலை. அந்தப் படை அதிகாரியான விபார்ட் 1881–83இல் இரண்டு தொகுதிகளில் இதன் வரலாற்றை எழுதினார். அதில் அதிகாரிகளுக்குப் பேரும் பதவியும் காயமும் உண்டு. கடப்பாரை பிடித்தவன் பெரும்பாலும் எண்ணிக்கையாகத்தான் வருகிறான். செத்தவர் இத்தனை, காயம்பட்டவர் இத்தனை, அவ்வளவுதான்.

வெள்ளை அதிகாரிகள் இவனைத் 'தம்பி' என்றார்கள். சாதி பார்க்காமல் எந்த வேலையும் செய்வான் என்று மெச்சினார்கள். இந்த மெச்சலைத்தான் நாம் உரசிப் பார்க்க வேண்டும். படையில் பறையர்களும் கிறிஸ்தவர்களும் கணிசமாக இருந்தார்கள். சாதி அவர்களைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தது. மண்ணும் மருந்தும் சுமக்கிறவனுக்குத் தீட்டு இல்லை என்பதை அவன் குணமாக எழுதிவிட்டால், அந்த வேலை அவனுக்கு ஏன் வந்தது என்ற கேள்வி மறைந்துபோகும். 'வீர இனம்' என்ற அளவுகோலைத் தூக்கிக்கொண்டு ராபர்ட்ஸ் போன்ற தளபதிகள் வந்த பிறகு தென்னாட்டுக் காலாட்படைகள் கலைந்தன, சாப்பர்ஸ் நீடித்தது. நாமும் வீர இனம்தான் என்று பதில் எழுதுகிற தோழர்களும் அதே அளவுகோலைத்தான் கையில் எடுக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

தடித்தனம் மட்டும் போதுகிற வேலையா அது? எங்க அம்மா வழிப் பெரியவர் ஒருத்தர் சாப்பர்ஸில் இருந்து வந்தவர். சொல்வார்: "டெட்டனேட்டரும் மருந்தும் ஒரே பொட்டியில போவக்கூடாது. திரியில ஒரு துண்டு வெட்டிக் கொளுத்தி, எவ்ளோ நேரம் எரியுதுன்னு மொதல்ல பாக்கணும். கொளுத்திட்டு ஓடக்கூடாதுடா, நடக்கணும். ஓடுனா விழுவ." இது கணக்கு, இது படிப்பு. இவ்வளவும் தெரிஞ்சவர் பென்ஷன் வாங்கி வந்த பிறகும் ஊர்த்தெருவில் சைக்கிளை விட்டு இறங்கித்தான் நடந்தார்.

முள்கம்பி வேலியைத் தகர்க்கும் 'பெங்களூர் டார்பிடோ' குழாயை 1912இல் உருவாக்கியவர் கேப்டன் மக்ளின்டாக் என்று இருக்கிறது. அதை வேலிக்கடியில் தள்ளிப் பார்த்தவர்கள் யார் யார் என்று நான் தேடிக்கொண்டிருக்கிறேன். 1944 பிப்ரவரி 24, இத்தாலியில் வெடித்த கண்ணிமேல் தன் உடம்பைப் போட்டு மற்றவர்களைக் காப்பாற்றிய சுபேதார் சுப்பிரமணியனுக்குப் பேர் கிடைத்தது. ஜார்ஜ் கிராஸ் பெற்றவர் அவர். செத்த பிறகு.

வீட்டு டிரங்குப் பெட்டியில் டிஸ்சார்ஜ் புத்தகம் கிடந்தால் தோழர்கள் எடுத்துப் படியுங்கள், விபார்ட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எங்க பெரியவருடையது கூரை ஒழுகி ஒட்டிப்போயிருந்தது. பிரித்துப் பார்த்தேன். படை எண் மட்டும் தெரிகிறது.