செய்யுளடியும் திரையடியும்: வேர்ட்பிரஸ் பக்கக்கோலங்கள் பற்றிய ஒரு திறனாய்வு

நூலின் பொருளை ஆராய்வார் பலர். அதன் சொல்லையும் யாப்பையும் ஆராய்வாரும் உளர். ஆயின் அந்நூல் படிப்பார் கண்முன் எவ்வடிவில் வந்து நிற்கின்றது என்பதனை ஆராய்வார் மிகச் சிலரே. அச்சுப்புத்தகத்தைப் பொறுத்தவரை இக்குறை பெரிதும் தெரிவதில்லை; பதிப்பாசிரியர் ஒருவர் அடியையும் உரையையும் வகுத்து வைத்துவிடுகின்றார். இணையத்தளத்திலோ அப்பதிப்பாசிரியரின் இருக்கையில் யாரோ முன்னரே செய்துவைத்த பக்க அமைப்பு ஒன்று அமர்ந்திருக்கின்றது. அவ்வமைப்பினைத் திறனாய்வுக்கு உட்படுத்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பெயர் பற்றி

வலைப்பதிவுக்குரிய பக்க அமைப்பினைத் 'தீம்' என்றே பலரும் வழங்குகின்றனர். மொழிபெயர்ப்புகள் சிலவற்றில் இது 'கருப்பொருள்' என ஆளப்படுகின்றது. இஃது ஏற்புடைத்தன்று. முதல், கரு, உரி எனப் பொருளை மூன்றாகப் பகுத்த மரபில், கருப்பொருள் என்பது தெய்வம், உணா, மரம், புள், பறை முதலியவற்றைச் சுட்டும் கலைச்சொல்லாகும். ஆங்கிலச் சொல்லுக்குரிய இரு பொருளுள் ஈண்டுப் பொருந்தாத ஒன்றினைக் கொண்டமையால் நேர்ந்த பிழை இது. 'வார்ப்புரு' என்பதும் முழுதும் பொருந்தாது. வார்ப்புரு என்பது தீமின் உள்ளுறுப்புகளுள் ஒன்று. உருவையும் அழகையும் ஒருங்கே குறிக்கும் 'கோலம்' என்னும் சொல்லை யாம் இக்கட்டுரையில் கொள்கின்றோம்.

2. கோலத்தின் வரலாறும் இலக்கணமும்

வேர்ட்பிரஸ் என்னும் பதிவுத்தளம் மேட் மல்லென்வெக், மைக் லிட்டில் ஆகிய இருவரால் 2003ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் வெளியிடப்பெற்றது. அதே ஆண்டில் டேவ் ஷே என்பார் 'சிஎஸ்எஸ் ஜென் கார்டன்' என்னும் தளத்தினைத் தொடங்கினார். ஒரே உரைப்பகுதிக்குப் பலர் பல கோலங்களை வரைந்தளித்தனர். உரையில் ஓரெழுத்தும் மாறவில்லை. தோற்றமோ ஒவ்வொன்றிலும் முற்றும் வேறாயிற்று. உள்ளடக்கம் வேறு, கோலம் வேறு என்னும் கொள்கை அதனால் நிலைபெற்றது. 2005ஆம் ஆண்டில் வெளிவந்த வேர்ட்பிரஸ் 1.5 பதிப்பில் கோலங்களை மாற்றிக்கொள்ளும் முறை புகுந்தது. மைக்கேல் ஹைல்மன் வகுத்த 'கூப்ரிக்' என்னும் கோலம் அதன் இயல்புக் கோலமாயிற்று. 2010 முதல் இயல்புக் கோலங்கள் ஆண்டின் பெயராலேயே வழங்கலாயின.

கோலத்தின் உள்ளமைப்பு தமிழிலக்கணம் பயின்றார்க்குப் புதிதன்று. வகை ஒன்றன் பக்கத்தைத் திறக்குங்கால், தளம் முதலில் அவ்வகைக்கே உரிய கோப்பினைத் தேடுகின்றது. அஃது இல்வழி எல்லா வகைகட்கும் பொதுவாகிய 'கேட்டகரி' கோப்பினையும், அதுவும் இல்வழி 'ஆர்க்கைவ்' கோப்பினையும், இறுதியில் 'இண்டெக்ஸ்' கோப்பினையும் நாடுகின்றது. சிறப்புவிதி உள்ளவிடத்துப் பொதுவிதி விலகும் என்னும் நெறியே ஈண்டும் ஆட்சி செய்கின்றது. நிறம், எழுத்துரு, இடைவெளி ஆகியவற்றை வகுக்கும் சிஎஸ்எஸ் விதிகளும் பெரும்பாலும் இந்நெறியினவே.

3. முதற்கோலமும் வழிக்கோலமும்

எம் துறையின் ஆய்வுரைகளை வெளியிடும்பொருட்டுச் சில ஆண்டுகட்கு முன் ஒரு தளத்தினை நிறுவினோம். இலவசமாகக் கிடைத்த கோலம் ஒன்றனைத் தேர்ந்து, அதன் கோப்புகளிலேயே நேராகத் திருத்தங்களைச் செய்தோம். எழுத்துருவினை மாற்றினோம், வரியிடை வெளியைக் கூட்டினோம், மூலத்திற்கும் உரைக்கும் வேறுபாடு தெரியுமாறு அமைத்தோம். சில திங்கள் கழித்து அக்கோலத்தின் புதுப்பிப்பு வந்தது. ஒரு பொத்தானை அழுத்தினோம். எம் திருத்தங்கள் அனைத்தும் ஒரு நொடியில் மறைந்தன. படியும் எடுத்துவைத்திலோம். பிழை எம்முடையதே.

இதற்குரிய வழி தளத்தினுள்ளேயே உண்டு. முதற்கோலத்தின் பெயரைத் தன் தலைப்பிற் சுட்டும் தனிக்கோப்புறை ஒன்றனை அமைத்து, வேண்டிய மாற்றங்களை மட்டும் அதன்கண் எழுதிவைத்தல் வேண்டும். முதற்கோலம் எத்துணை முறை புதுப்பிக்கப்பெறினும் இக்கோப்புறை கெடாது. முன்னோர் நூலின் முடிபுகளை ஏற்றுக்கொண்டு, தான் வேண்டும் வேறுபாட்டினை மட்டும் கூறுவது வழிநூல் என்னும் மரபினை நாம் அறிவோம். ஆதலின் இதனை 'வழிக்கோலம்' எனல் தகும். 2022ஆம் ஆண்டு சனவரியில் வெளிவந்த வேர்ட்பிரஸ் 5.9 முதல், தொகுதிகளால் ஆகிய கோலங்களில் பெரும்பாலான மாற்றங்களைத் திரையிலேயே செய்துகொள்ளலாம். அவை தரவுத்தளத்திற் சேமிக்கப்படுதலின் புதுப்பிப்பினால் அழிவதில்லை. எனினும் மாற்றத்தின் காரணத்தை எழுதிவைத்துப் பின்வருவார்க்கு விட்டுச்செல்ல வழிக்கோலமே சிறந்தது என்பது எம் கருத்து.

4. தமிழெழுத்தும் கோலமும்

2014ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த 'ட்வென்டி ஃபிப்டீன்' என்னும் இயல்புக் கோலத்தினை ஈண்டு எடுத்துக்கொள்வோம். டக்காஷி இரியே இதனை வடிவமைத்தார். அகன்ற திரையில் இடப்புறம் தளத்தின் பெயரும் பட்டியலும் நிற்க, வலப்புறம் கட்டுரை மட்டும் வெண்மையான தாளிற்போல் விரிகின்றது. எழுத்தினை முதன்மையாகக் கொண்ட அமைப்பு இது. பல மொழிகட்கும் இடந்தரும் நோக்குடன் 'நோட்டோ' எழுத்துருக்கள் தேர்ந்துகொள்ளப்பெற்றன. இந்நோக்கம் பாராட்டற்குரியது. ஆயின் நோட்டோவில் தமிழ் எழுத்துரு தனிக் குடும்பமாக உள்ளது. அதனைத் தனியே இணைத்தாலன்றி, படிப்பவர் கருவியில் உள்ள ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவே திரையில் தோன்றும். இலத்தீன் எழுத்துக்கு வகுத்த அளவும் கனமும் தமிழெழுத்தோடு இயையாமற் போதல் இதன் விளைவு.

மற்றொரு குறை நுட்பமானது. இக்கோலம் மேற்கோட் பகுதியைச் சாய்வெழுத்தால் வேறுபடுத்துகின்றது. வேறு பல கோலங்கள் பட்டியலையும் தலைப்பையும் பேரெழுத்தால் வேறுபடுத்துகின்றன. தமிழில் பேரெழுத்து, சிற்றெழுத்து என்னும் பாகுபாடு இல்லை. ஆதலின் பேரெழுத்தால் மட்டும் உணர்த்தப்பெற்ற சிறப்பு தமிழ்ப்பக்கத்தில் மறைந்தொழிகின்றது. சாய்வெழுத்தும் தமிழுக்கு மரபன்று. நேரெழுத்தினை உலாவி செயற்கையாகச் சாய்த்துக் காட்ட, மெலிந்த கோடுகளையுடைய எழுத்துக்கள் படித்தற்கு அரியவாகின்றன. தமிழில் மேற்கோளை உள்தள்ளியும், தலைப்பினைக் கனத்தாலும் அளவாலும் உயர்த்தியும் காட்டுதலே தக்கது. மேலும் கீழும் நீளும் உயிர்மெய்க் குறிகள் ஒன்றையொன்று உராயாதவாறு வரியிடை வெளியையும் மிகுத்தல் வேண்டும். இவை யாவும் வழிக்கோலத்தில் சில வரிகளால் முடிவன.

5. அடி யாருடையது?

இனி இக்கட்டுரையின் தலையாய வினாவிற்கு வருவோம். எம் வகுப்பில் முதுகலை மாணவர் ஒருவர் புறநானூற்றுப் பாடல் ஒன்றனுக்கு யாப்புக் கூறுங்கால், அதனை இணைக்குறள் ஆசிரியப்பா என எழுதியிருந்தார். அப்பாடல் நேரிசை ஆசிரியப்பா. வினவியபோது அவர் தம் கைப்பேசியை எடுத்துக் காட்டினார். அதில் நாற்சீரடி ஒவ்வொன்றும் திரையின் குறுமையால் மடிந்து, மூன்று சீர் ஒரு வரியாகவும் எஞ்சிய ஒரு சீர் மறு வரியாகவும் நின்றன. மடிந்த வரிக்கும் புதிய அடிக்கும் வேறுபாடு காட்டும் குறி யாதும் இல்லை. ஈற்றயலடியின் முச்சீர் அமைதி அவ்வரிகளிடையே புதைந்துபோயிற்று. அவர் பார்த்த பக்கம் எம் துறையின் பக்கமே. மாணவர்க்கு மதிப்பெண் குறைத்த கை, அப்பக்கத்தினை அமைத்த கையுமாம்.

ஓலைச்சுவடியில் அடிகள் பிரிக்கப்படாது தொடர்ந்தே எழுதப்பெற்றன. புள்ளியும் பெரும்பாலும் இடப்பெறவில்லை. ஓலையைப் படிப்பார் யாப்பறிந்தவராதலின் அடியைத் தாமே பிரித்துக்கொண்டனர். 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியையும் 1894ஆம் ஆண்டில் புறநானூற்றையும் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்தார். அவர்போன்ற பதிப்பாசிரியர்களின் உழைப்பினால், அடியும் சீரும் கற்பார் எவர்க்கும் கண்ணாற் காணத்தக்கனவாயின. கவனமின்றி அமைத்த கைப்பேசித் திரை நம்மை மீண்டும் ஓலைக்கே கொண்டுசெல்கின்றது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. ஓலை அடியைக் காட்டவில்லை. ஆதலின் பொய்யும் கூறவில்லை. திரையோ இல்லாத அடியை உளதாகக் காட்டுகின்றது.

உள்ளடக்கம் வேறு, கோலம் வேறு என்னும் கொள்கை உரைநடைக்குப் பொருந்தும். உரைநடை எங்கு மடியினும் பொருள் கெடாது. செய்யுளுக்கு அது பொருந்தாது. தொல்காப்பியச் செய்யுளியல் வகுக்கும் 34 உறுப்புகளுள் அடியும் ஒன்று. அடி செய்யுளின் உறுப்பேயன்றிப் பக்கத்தின் அணி அன்று. ஆகவே கோலம் அதனைத் தன் விருப்பிற்கு மடித்தல் பாடபேதம் செய்தலை ஒக்கும்.

திரை நெகிழ்வுடையதாதல் குற்றமே என்று யாம் கூறவில்லை. கண்பார்வை குன்றியவர் எழுத்தைப் பெருக்கிப் படிப்பதும், பேருந்தில் செல்லும் மாணவர் கைப்பேசியில் படிப்பதும் அந்நெகிழ்வினாலேயே இயல்கின்றன. வேண்டுவது, மடியும் வரியினை மடிந்த வரியெனக் காட்டுதலே. செய்யுளின் ஒவ்வோரடியையும் தனித்தனி உறுப்பாகக் குறித்து, இடப்புறத்தே சிறிது வெளி விட்டு, முதல்வரியை மட்டும் அவ்வெளி அளவிற்கு முன்னே இழுத்து வைத்தால், மடிந்து வரும் சீர் உள்தள்ளி நிற்கும். படிப்பவர் அடியின் தொடக்கம் யாது, மடிப்பு யாது என்பதை ஐயமின்றி அறிவர். எம் பக்கத்தினை இவ்வாறே திருத்தினோம்.

6. கோலத்திற்கு அப்பாற்பட்டன

குறை அனைத்தையும் கோலத்தின் மேல் ஏற்றுதல் நடுநிலை ஆகாது. புதிய பதிவு முதலிலும் பழையது பின்னரும் வருதல் வலைப்பதிவின் இயல்பு. காப்பியம் ஒன்றனைக் காதைதோறும் வெளியிட்டால், படிப்பவர் இறுதிக் காதையையே முதலிற் காண்பர். வரிசையை மாற்றுதல் செருகுநிரலின் கடமை, கோலத்தின் கடமையன்று. அதனைக் கோலத்தில் எழுதிவைத்தால், கோலத்தை மாற்றும் நாளில் நூலின் வரிசையும் மாறிவிடும்.

முகவரியும் அத்தகையதே. தலைப்பிலிருந்து தளம் தானே ஆக்கிக்கொள்ளும் முகவரிப் பகுதிக்கு எல்லை 200 இடம். ஒருங்குறியில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் முகவரியில் 9 இடம் கொள்ளும்; 'தி' என்பது தகரமும் இகரக் குறியுமாக இரண்டு குறியீடாதலின் 18 இடம் கொள்ளும். 'சிலப்பதிகாரத்தில் அரங்கேற்று காதை' எனத் தலைப்பிட்டால், முதற்சொல்லே 153 இடத்தைக் கவர்ந்துகொள்ள, இரண்டாம் சொல் 'அரங்க' என்பதோடு அற்றுப்போகின்றது. வெளியிடுமுன் முகவரியைக் கையாற் சுருக்கி எழுதுதலே இதற்கு மருந்து.

7. முடிபு

இதுகாறும் கூறியவாற்றால், பக்கக்கோலத்தைத் தேர்தலும் திருத்துதலும் பதிப்புப் பணியின் ஒரு பகுதியே என்பது பெறப்படும். நிறத்தையும் படத்தையும் கண்டு கோலத்தைத் தேர்தல், அட்டையைக் கண்டு பதிப்பினை மதிப்பிடுவதனோடு ஒக்கும். நெடிய நேரிசை ஆசிரியப்பா ஒன்று, உரைப்பகுதி ஒன்று, மேற்கோள் ஒன்று ஆகிய மூன்றனையும் இட்டு, அகன்ற திரையிலும் குறுகிய கைப்பேசியிலும் வைத்துப் பார்த்தல் வேண்டும். அடி அடியாக நிற்கின்றதா, மூலமும் உரையும் வேறு தெரிகின்றனவா, எழுத்து உராயாது விளங்குகின்றதா என்னும் மூன்று வினாவிற்கும் விடை கண்ட பின்னரே கோலத்தை ஏற்றல் தகும். இத்தேர்வினைக் கணினி அறிந்தார் கையில் விட்டுவிடும் வழக்கம் நம் துறைகளில் உளது. அவர் கணினியை அறிவர். ஈற்றயலடியை அறியவேண்டியவர் நாமே. ஒரு மாணவர் பிழையாகக் கூறிய யாப்பு எமக்கு இதனை உணர்த்திற்று.