சிறையில் வரைந்த முகங்கள்

ஆங்கிலேயர் கீழ்த்திசை நாடுகளுக்கு வாளோடு மட்டும் வரவில்லை. ஏட்டையும் எழுதுகோலையும் உடன் கொண்டு வந்தனர். அவ்விரண்டையும் ஒருங்கே கையாண்டவர் வின்சென்ட் எய்ர் என்னும் படை அதிகாரி. முஸ்லிம் தலைவர் ஒருவரிடம் எட்டு மாதங்களுக்கு மேல் கைதியாயிருந்து, அந்நாள்களில் குறிப்பெழுதியும் படம் வரைந்தும் வந்தவர் இவர். ஆதலின், இவர் படைப்புகளை நாம் நிதானமாக எடைபோட்டுப் பார்ப்பது தகும்.

1811இல் பிறந்த எய்ர், வங்காளப் பீரங்கிப் படையில் சேர்ந்தார். 1841இல் காபூலில் ஆயுதக் கிடங்கின் பொறுப்பில் இருந்தார். அவ்வாண்டு நவம்பரில் ஆப்கானியர் கிளர்ந்தெழுந்தனர். போரில் எய்ர் கையில் காயமுற்றார். 1842 ஜனவரியில் ஆங்கிலப் படை பனிமூடிய கணவாய்களின் வழியே பின்வாங்கியபோது, குடும்பத்தோடு இருந்த அதிகாரிகளை அமீர் தோஸ்த் முகம்மதின் மைந்தர் அக்பர் கான் தம் பொறுப்பில் ஏற்றார். மனைவியோடும் சிறு மகனோடும் எய்ர் சிறைப்பட்டது இவ்வாறே.

சிறையில் எழுதிய குறிப்புகள் பகுதி பகுதியாக மறைவாக வெளியே அனுப்பப்பட்டு, 1843இல் லண்டனில் நூலாயின. தம் தரப்புப் பிழைகளை இந்நூல் மூடி மறைக்கவில்லை. பாசறைக்கு வெளியே உணவுக் கிடங்கை வைத்த மடமையையும், தளபதியின் உறுதியின்மையையும் எய்ர் வெளிப்படையாகவே சாடுகிறார். இந்நேர்மையைப் பாராட்டுவதில் நமக்குத் தயக்கமில்லை.

ஆப்கானியரைப் பற்றி எழுதும்போதோ, வஞ்சகர் என்னும் சொல் அவர் பேனாவில் எளிதாக வந்து விழுகிறது. ஆங்கிலத் தூதர் மக்நாட்டனை, பேச்சுவார்த்தைக்கு வந்த இடத்தில் அக்பர் கான் கொன்றார் என்பது வரலாறு. அதற்கு நாம் நியாயம் கற்பிக்கப் போவதில்லை. ஆயினும் அதே அக்பர் கான் ஆற்றைக் கடக்கையில் ஆங்கிலப் பெண்மணி ஒருவரைத் தம் குதிரையில் பின்னே ஏற்றிக் கரைசேர்த்ததும் எய்ரின் ஏட்டிலேயே உள்ளது. சிறைப்பட்டவரைப் பேணுதல் நம் மார்க்கம் வலியுறுத்தும் அறம். பகைவரின் குறிப்பே அதற்குச் சான்றாகும்போது, அச்சான்றின் எடை கூடுகிறது. அதை மதிப்பிட்டுச் சொல்லும் மனம் மட்டும் ஆசிரியருக்கு வாய்க்கவில்லை.

பேனாவுக்கு வாய்க்காத நடுநிலை, ஓரளவு தூரிகைக்கு வாய்த்தது. எய்ர் வரைந்த உருவங்களை லோஸ் டிக்கின்சன் என்பார் கல்லச்சில் ஆக்க, அதே 1843இல் அவை தொகுப்பாக வெளிவந்தன. தலைப்பாகை அணிந்த சேல் சீமாட்டியின் படம் அவற்றுள் புகழ்பெற்றது. அக்பர் கானும் அத்தொகுப்பில் இடம்பெற்றார். ஒரு மனிதனை வசைபாட, அவன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. வரைவதற்கோ, கண்ணையும் புருவத்தையும் பொறுமையாய் நோக்கித்தான் ஆகவேண்டும். அப்பொறுமையே ஒருவகை நீதியாகிறது.

இனி, பெருங்குறை ஒன்றைச் சொல்ல வேண்டும். பின்வாங்கிய படையில் போர்வீரர் ஏறத்தாழ 4,500 பேர்; அவர்களுள் ஐரோப்பியர் 700 பேர் அளவே. உடன் சென்ற பணியாளர் 12,000 பேருக்கு மேல் என எய்ரே கணக்கிடுகிறார். மாண்டவருள் மிகப் பெரும்பாலோர் இந்நாட்டு முஸ்லிம்களும் இந்துக்களுமே. நூலின் இறுதியில் மாண்ட அதிகாரிகளுக்குப் பெயர்ப்பட்டியல் உண்டு. சிப்பாய்க்கும் ஒட்டகக்காரனுக்கும் எண்ணிக்கை மட்டுமே உண்டு. கைதிகளின் முகங்களைக் காக்கும் சித்திரத் தொகுப்பில், கைதியாகும் வாய்ப்புக்கூட இன்றிப் பனியில் உறைந்த அவ்வேழைகளுக்கு இடமேது? அவர்களைக் காபூலுக்கு அழைத்துச் சென்றது எய்ர் பணியாற்றிய அதே கும்பினியன்றோ?

விடுதலைக்குப் பிந்திய வாழ்வும் நோக்கத்தக்கது. 1857 ஆகஸ்டில், சிறு படையோடு சென்று ஆராவில் முற்றுகையிடப்பட்டிருந்தோரை மீட்டார். அத்தோடு நில்லாமல், முதியவர் குன்வர் சிங்கின் ஜகதீஷ்பூரை அழித்தார். அங்கே புதிதாய் எழுந்த கோயிலையும் சிதைத்தார். அதே மனிதர், 1870இல் பிரான்சும் பிரஷ்யாவும் பொருதபோது, காயமுற்றோர்க்கான மருத்துவத் தொண்டை அமைத்து நடத்தினார். 1881இல் பிரான்சிலேயே காலமானார். ஐரோப்பியப் புண்ணுக்கு மருந்திட்ட கை ஜகதீஷ்பூரில் தீயிட்டது. சிறை அவருக்குப் பார்க்கக் கற்றுத் தந்தது; பார்த்ததைக் கொண்டு பிறர் துயரை அளக்கக் கற்றுத் தரவில்லை.

ஆயினும் இந்நூல்களை நாம் ஒதுக்கிவிடலாகாது. அந்நாள் நிகழ்ச்சிகளுக்கு அவை நேர்ச்சான்றுகள். நம் இளைஞர் அவற்றைப் படிக்கட்டும், படங்களையும் பார்க்கட்டும். பார்க்கும்போது, வரையப்பட்டவர் யார் என்பதோடு, வரையப்படாதவர் யார் என்றும் ஒருமுறை கேட்டுக்கொள்ளட்டும்.