எட்டுத் தாளில் இரண்டு புறா

போகிற வருகிற எல்லாரையும் மறித்து இதையே கதைக்கிறேன் என்று வீட்டில் ஏச்சு. பரவாயில்லை, உங்களிடமும் சொல்லிவிடுகிறேன்: இங்க்ஸ்கேப், போஸ்டெரேசர். இரண்டு மென்பொருள். இரண்டும் ஒரு சதம் கேட்காதவை.

நிலாவெளியில் அம்மம்மா வீட்டு முன்கதவுக்கு மேலே, காற்று வர வைத்த துளைப்பலகை ஒன்று. கொடியும் இலையும், நடுவில் முகம் பார்த்தபடி இரண்டு புறா. கரையில் நின்றாலே புறாமலைத் தீவு தெரிகிற ஊரில் ஓடாவி வேறென்ன பறவையை வெட்டியிருப்பார்! உப்புக்காற்றும் கறையானும் ஒரு பாதியைத் தின்றுவிட்டன. மிஞ்சிய பாதியை வைத்து முழுப் பலகையையும் புதிதாக வெட்ட ஆசைப்பட்டேன். பலகையை வளைத்து வளைத்து வெட்டும் சின்ன ஸ்குரோல் சோ என்னிடம் இருக்கிறது. இல்லாதது, அளவு பிசகாத படம்.

முன்பென்றால் திருகோணமலை டவுனுக்கு பஸ் ஏறிப் போட்டோகொப்பிக் கடையில் காத்து நிற்பேன். ஏ4ஐ ஏ3 ஆக்க 141 சதவீதம். அதற்கு மேல் வேண்டுமென்றால் துண்டு துண்டாகப் பெருப்பித்து ஒட்ட வேண்டும். அதைவிடத் தொல்லை, படம் பெருக்கப் பெருக்கக் கோடும் தடிக்கும். ஸ்குரோல் சோவின் அலகோ ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கோடு மூன்று மில்லிமீட்டரில் கிடந்தால் உள்ளால் வெட்டுவதா, வெளியால் வெட்டுவதா?

இந்த முறை மிஞ்சிய பாதியைக் கழற்றி விறாந்தையில் கிடத்தி, பக்கத்தில் அடிமட்டம் வைத்து, நேர் மேலே நின்று போனில் படம் எடுத்தேன். இங்க்ஸ்கேப்பில் போட்டு அதன் மேலேயே கோடு இழுத்தேன். தானாகக் கோடு பிடிக்கிற வசதியும் அதில் உண்டு. ஆனால் கறையான் அரித்த ஓட்டையையும் அது இலை என்று நினைத்துவிட்டது! பிறகு ஒரு பிரதி எடுத்து, எச் எழுத்தைத் தட்டினேன். இடப்பக்கப் புறாவின் பிரதி இடப்பக்கம் பார்த்துத் திரும்பிக்கொண்டது. காணாமல் போன பாதி கண்முன்னே வந்து உட்கார்ந்தது.

இனித்தான் விஷயம். மேலே அகலம், உயரம் என்று இரண்டு பெட்டி, நடுவில் ஒரு பூட்டு. பூட்டைப் பூட்டி அகலத்தில் 91 சென்டிமீட்டர் என்று அடித்தால் உயரம் தானே 36க்கு வந்து நிற்கிறது. படம் பெருக்கும்போது கோடும் தடிக்க வேண்டுமா என்பதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அணைத்துவிட்டேன். படம் மூன்று மடங்கு பெருத்தது, கோடு மயிரிழையாகவே இருந்தது. கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். 2003இலிருந்து ஆர்வலர்கள் கூடி வளர்த்துவரும் மென்பொருளாம். அவர்கள் கையைப் பிடித்துக் கும்பிட வேண்டும்.

ஆனால் என் பிரின்டர் ஏ4 மட்டும்தான். அங்கே வருகிறது போஸ்டெரேசர். படத்தைக் கொடு, தாளைச் சொல், ஒன்றின் மேல் ஒன்று எவ்வளவு ஏற வேண்டும் சொல், முழு அளவைச் சொல், பிடிஎப் ஆகச் சேமி. ஐந்தே படி. தாளை நெடுக்காக வைத்தால் பத்து என்றது, குறுக்காகத் திருப்பினேன், எட்டு என்றது. இந்த இரண்டு தாள் மிச்சத்துக்கே அதைக் கொண்டாடலாம். சரிவாக எடுத்த போட்டோவையும் நிமிர்த்தித் தருவது வேண்டுமென்றால் கனடாவின் மத்தியாஸ் வாண்டெல் எழுதிய பிக்பிரின்ட் இருக்கிறது, அது காசுக்கு.

முதல் தடவை கோட்டை விட்டது நான்தான். பிரின்ட் பண்ணும்போது ‘தாளுக்குள் அடக்கு’ என்பதை மாற்ற மறந்தேன். ஒவ்வொரு தாளும் கொஞ்சம் சுருங்கி, 91 போய் 88 ஆனது. இப்போது மூலையில் 10 சென்டிமீட்டர் கோடு ஒன்று போட்டு, முதல் தாள் வந்ததும் அடிமட்டம் வைத்துப் பார்க்கிறேன்.

பக்கத்து வளவு ஓடாவியார் வந்து, ஒட்டி விரித்த தாளின் மேல் டேப்பை இழுத்தார். 91. மறு முனையிலிருந்தும் இழுத்தார்.

“தம்பி, இந்தச் சாமான் என்ன விலை?”

“சும்மா கிடைச்சது, ஐயா.”

நம்பவில்லை. “அப்ப என்ட பேத்திக்கு இந்தப் புறாவை உள்ளங்கையளவில தாங்க பாப்பம்.”

6 சென்டிமீட்டர் என்று அடித்தேன். சொண்டு ஒரு மில்லிமீட்டருக்கு மெலிந்துவிட்டது. பிளைவுட்டில் வெட்டினால் முறியும். சொண்டின் புள்ளிகளைப் பிடித்து இழுத்துத் தடிப்பாக்கிக்கொண்டிருக்கிறேன். அவர் பிளைவுட் துண்டோடு வாசலில் நிற்கிறார்.