புஜினோ ஆசிரியரும் சிவப்பு மையும்

அயல்நாட்டிற் பயிலச் சென்ற மாணவனின் தனிமையைக் கூறும் எழுத்துக்கள் பல உள. அவற்றுள் சீன எழுத்தாளர் லூ சூன் 1926இல் எழுதிய 'புஜினோ ஆசிரியர்' என்னும் கட்டுரை தனியிடம் பெறத்தக்கது. 1904இல் சப்பானின் சென்டாய் நகரத்து மருத்துவப் பள்ளியிற் சேர்ந்த அவர், 1906இல் படிப்பை முடிக்காமலே நீங்கினார். அக்காலத்தை இருபது ஆண்டுகட்குப் பின் நினைந்து எழுதியது இது.

உடற்கூற்றியல் ஆசிரியர் புஜினோ, இம்மாணவரின் பாடக்குறிப்புக்களை வாரந்தோறும் வாங்கி, மொழிப்பிழைகளையும் விடாது சிவப்பு மையால் திருத்தித் தருகின்றார். முன்கைக் குருதிக்குழாய் ஒன்றை அழகு கருதி இடம் பெயர்த்து வரைந்ததையும் சுட்டுகின்றார். பரிவும் கண்டிப்பும் ஈண்டு ஒன்றாதல் காண்க. ஆயினும் அப்பரிவே உடன்பயில்வோரின் ஐயத்திற்கு வித்தாகின்றது. தேர்வு வினாக்களை ஆசிரியர் குறிப்பேட்டில் முன்னரே அடையாளமிட்டுத் தந்தார் என்பது அவர்தம் பழி. நலிந்த நாட்டினன் தன் திறத்தால் தேறுதல் இயலாது என்னும் எண்ணமே அதன் வேர் என லூ சூன் கசப்புடன் உரைக்கின்றார்.

பள்ளி ஆவணங்களோ உடற்கூற்றியலில் அவர் பெற்றது 59.3 எனக் காட்டுகின்றன. அவர்தம் பாடங்களுள் அதுவே குறைந்த மதிப்பெண். பழியைத் துடைக்க இதனினும் வலிய சான்று வேண்டுமோ? கட்டுரை அதனைக் கூறவில்லை. இதனை மறதி எனக் கொள்ளல் பொருந்தாது. எண்ணைக் காட்டி வாதிட்டிருப்பின் நூல் வழக்குரையாகியிருக்கும். ஆசிரியரின் உருவம் பின்னொதுங்கியிருக்கும்.

அக்குறிப்பேடுகள் தொலைந்தன என்றே லூ சூன் எழுதினார். 1936இல் அவர் மறைந்த பின்னரே அவை கிடைத்தன. ஏடுகளில் சிவப்பு மைத் திருத்தங்கள் காணப்படுகின்றன.