குடபுலவியனார் காட்டும் அகழியும் புன்புலமும்

குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடிய புறநானூற்று 18ஆம் பாட்டை, உணவின் சிறப்புக்கு மேற்கோளாக மட்டும் ஆள்வது நம் ஆசிரியரிடையே வழக்கமாகிவிட்டது. அது பாட்டைக் குறுக்குவதாகும். புலவர் முன்னர்க் காட்டுவது அரசனது கோட்டை: வாளையும் ஆரலும் வராலும் கெடிறும் வாழும் ஆழ்ந்த அகழி, வானும் அஞ்சும் நெடுமதில். பின்னரே, விதைத்துவிட்டு மழையை எதிர்நோக்கும் புன்புலம் வருகிறது. அரசின் கட்டடத்தைச் சுற்றி மீன் கொழுக்கும் நீர். அரசின் நிலத்திலோ வறட்சி! வானை அஞ்சுவிக்கும் மதிலுடையான் நிலம், அவ்வானையே இரந்து கிடக்கிறது. இம்முரணைப் புலவர் வெளிப்படச் சொன்னாரல்லர்; அடுக்கிய முறையே இடித்துரைக்கின்றது என்பது என் கருத்து. அவர் வேண்டுவது மற்றொரு மதிலன்று. நிலம் பள்ளமான இடம் நோக்கி நீரைத் தேக்குக என்பதே. பரப்பு மிகுந்தும் வானம் பார்த்த நிலம் ஆள்வோனுக்கு உதவாதாம். மறுமைச்செல்வம், தனியாட்சி, நிலைத்த புகழ் மூன்றையும் அந்நீர்நிலையோடுதான் அவர் பிணைக்கிறார்.